தொங்கிக்கொண்டிரு என்று சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பி கதிர்வேலுக்கு,

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து உன் அக்கா கலைவாணி, ஏகாம்பரநாதர் இன்னும் கூப்பிட்டுக்கொள்ளாத காரணத்தால் உயிரோடு இருந்து எழுதிக்கொள்வது. இங்கே யாரும் நலமில்லை. அங்கே நீ நலம் என்பதை நீ போடுகிற படங்களிலேயே பார்த்துக்கொண்டேன், ஆகையால் தனியாக விசாரிக்கவில்லை. உங்கள் லீட்ஸில் மழையா வெயிலா என்றும் கேட்கப்போவதில்லை. எது பெய்தாலும் அதற்கு நீ ஓர் இங்கிலீஷ் வைத்திருப்பாய்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று முகத்தைச் சுளிக்காதே. போனில் சொல்லலாம் என்றால், நான் ஓய்ந்து உட்காரும் நேரத்தில் உனக்கு மீட்டிங், உனக்கு மீட்டிங் இல்லாத நேரத்தில் எனக்கு உயிர் இருப்பதில்லை. குரலைப் பதிவு செய்து அனுப்பினால், அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக நீயே பெருமையாகச் சொன்னாய். நான் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுததெல்லாம் உன் காதில் கோழி கொக்கரித்தது போல விழுந்திருக்கும். கேட்டு முடித்த கையோடு ஒரு கட்டைவிரல் படம் வந்துவிடும். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. நான் எந்த வேகத்தில் எழுதினேனோ அந்த வேகத்தில்தான் நீ படித்தாக வேண்டும். இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் பாதியில் மடித்து வைத்துவிட்டு, எனக்குத் தைரியம் சொல்லப் போனை எடுத்துவிடுவாய்.

அப்பா விழுந்தது உனக்குத் தெரியும். எப்படி விழுந்தார் என்பது முழுக்கத் தெரியாது, ஏனென்றால் அதை நான் சொல்லத் தொடங்கியபோது யாரோ ஒரு வெள்ளைக்காரன் உன்னைக் கூப்பிட்டான். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் அப்பா தினமும் காலையில் குளித்து, திருநீறு இட்டு, பழைய விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பார் அல்லவா. அன்றைக்கு ஏனாத்தூர் காலேஜுக்குப் போகிற பையன்கள் படியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இவருக்குப் பொறுக்கவில்லை. தானும் படியில் ஏறி நின்றுகொண்டு, "படியில நிக்காதீங்கடா! உள்ள போங்கடா, நடுவுல எவ்ளோ எடம் இருக்குது!" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவர்கள் சிரித்திருக்கிறார்கள். கோபத்தில் விசிலை எடுத்து ஊதிவிட்டார். நிறுத்து என்பதற்கு ஒரு விசில், போகலாம் என்பதற்கு இரண்டு விசில் என்று நமக்கெல்லாம் பால்குடி மறப்பதற்கு முன்பே சொல்லிக்கொடுத்தவர், ஆவேசத்தில் இரண்டு ஊதிவிட்டார். டிரைவர் பாவம், விசிலுக்குக் கட்டுப்பட்டவன், வண்டியை எடுத்துவிட்டான். தன் விசிலுக்குத் தானே விழுந்த கண்டக்டர் இந்த ஜில்லாவில் நம் அப்பா ஒருவராகத்தான் இருக்கும்.

இடுப்பு எலும்புக்குத் தகடு வைத்தார்கள். மாதக்கணக்கில் படுக்கைதான், பிறகுதான் நடையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்பா நடுக்கூடத்தில் கட்டிலைப் போடச் சொல்லி, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு விசில் என்றால் தண்ணீர். இரண்டு விசில் என்றால் பேசின். விடாமல் ஊதினால் ஒன்றும் வேண்டாம், நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இதையெல்லாம் உன்னிடம் போனில் அழுதுகொண்டே சொன்னேன். நீ, "ஹேங் இன் தேர், அக்கா" என்றாய். வைத்துவிட்டாய்.

எனக்கு எட்டாம் வகுப்பு இங்கிலீஷ். எப்படி விளங்கும்? பக்கத்து வீட்டு வீரபத்திரன் சாரிடம் போய்க் கேட்டேன். உனக்கு ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் எடுத்தவர். நீ இப்படி ஆனதில் அவருக்கும் பங்கு உண்டு. கேட்டதும் மனிதருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"ஆஹா! அருமையான இடியம்மா, மரபுத்தொடர்! தொங்கிக்கினே இருன்னு அர்த்தம். கைய விட்டுடாதன்னு சொல்றான்."

"எதப் புடிச்சிக்கினு தொங்கறது சார்?"

"அத அவன் சொல்லல பாரு. இங்கிலீஷ்ல அத சொல்ல மாட்டாங்க."

வீட்டில் நான் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு இருந்தது உன் மாமா ஒருவர்தான். அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரிந்த கதை. கல்யாணமான புதிதில் அப்பா கண்டக்டராக இருந்த பஸ்ஸில் வேலூருக்குப் போனவர், மாமனார் வண்டிதானே என்று டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருக்க, அப்பா பஸ் முழுக்கப் பார்க்க அவரைத் தாமல் ஏரிக்கரையில் இறக்கிவிட்டுவிட்டுப் போனார். அன்றோடு சரி. பிறகு அம்மா போய், அப்பா எங்களோடு வந்து இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், இருவரும் பேசிக்கொள்வதெல்லாம் என் வழியாகத்தான். இப்போது அப்பா கட்டிலில். சுவருக்கு அந்தப் பக்கம் உன் மாமா தறியில். தறிச் சத்தம் தலையை இடிக்கிறது என்று அப்பா என்னிடம் சொல்வார். விசில் சத்தத்தில் இழை அறுந்துபோகிறது என்று உன் மாமா என்னிடம் சொல்வார். நடுவில் நான் புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்பாவைத் தூக்க, புரட்ட, துடைக்க எல்லாம் நான் ஒருத்திதான். கூடமாட ஒத்தாசைக்கு என்று ஒரு அம்மாளை வைத்துப் பார்த்தேன். அவள் வாசற்படி ஏறின உடனே அப்பா விசில் ஊதி, "உள்ள போ, உள்ள போ, வழிய மறிக்காத" என்றார். மூன்றாம் நாள் அவள், "இது வீடா பஸ்ஸாமா?" என்று கேட்டுவிட்டுப் போனவள் சம்பளம் வாங்கக்கூட வரவில்லை.

அதையும் உன்னிடம் சொன்னேன். இந்தத் தடவை, "கிரின் அண்ட் பேர் இட், அக்கா. யூ ஆர் ஸ்ட்ராங்" என்றாய். பேர் என்றால் கரடி என்பது எனக்கே தெரியும். கரடி எங்கே வந்தது என்று சாரிடம் போனேன். "கரடி இல்லம்மா, இது சொமக்கறது. பல்லக் காட்டிக்கினே சொமக்கணுங்கறான். என்ன அழகா சொல்றான் பாரு!" என்று, எப்படிப் பல்லைக் காட்ட வேண்டும் என்பதையும் காட்டிவிட்டு உள்ளே போனார்.

தம்பி சொல்கிறான், படித்தவன், நாலு பேருக்குச் சொல்லித்தருகிறவன், செய்துதான் பார்ப்போமே என்று நான் அன்றைக்கு முழுக்கச் சிரித்தேன், கேட்டுக்கொள். பேசின் எடுக்கும்போது சிரித்தேன். படுக்கையை மாற்றும்போது சிரித்தேன். உன் மாமா தறியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். அவருக்கும் ஒரு சிரிப்பைக் காட்டினேன். மத்தியானம் அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கப் போனேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"இன்னாத்துக்கு இளிக்கிற? நான் வியுந்து கெடக்கறது ஒனக்கு வேடிக்கையா இருக்குதா?"

"இல்லப்பா" என்றேன், பல்லை மூடாமல்.

டம்ளரோடு வீசினார். எனக்குப் படவில்லை. பக்கத்தில் பாயில் விரித்துவைத்திருந்த அரக்கு நிறக் கல்யாணப் புடவையின் மேல் போய் விழுந்தது. ஜியாவுதீன் பாய் கடைப் புடவை அது, சாயந்திரம் வந்து வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். முகூர்த்தப் புடவை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கும்போதே பாய் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

"அரே, இன்னாமா இது? கல்யாணப் பொடவல கஞ்சி வாசன அடிக்கிது?"

சொன்னேன். கோபத்தில் அவர் தாடியெல்லாம் ஆடியது. புடவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மூச்சு விட்டார். "உள்ள சொருவற பக்கந்தான். காஞ்சா கல்யாணப் பொண்ணுக்கே தெரியாது. தறில பாவு நூலுக்குப் போட வேண்டிய கஞ்சிய ஒங்கப்பா பொடவைக்குப் போட்டுட்டாரு, போ." அதைக் கேட்டு நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "சபர் பண்ணு, பொறுத்துக்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ மொதல்ல போய் ஒரு வாய் சாப்டு. கண்டக்டர் சாபுகிட்ட நான் ஒக்காந்துக்கறேன்" என்றார். அடுப்படியில் உட்கார்ந்து, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சூடாகச் சாப்பிட்டேன். அந்தப் பக்கம் அவரும் அப்பாவும் பழைய பஸ் ரூட்டுகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாய்க்கு இங்கிலீஷ் வராது என்பதை இங்கே குறித்துக்கொள்.

இனிமேல் எழுதப்போவது பெண்பிள்ளை சமாச்சாரம். தம்பிக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் கூச்சப்பட்டால் நீ இதையும் சளி காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வாய். போன வருஷத்திலிருந்தே எனக்கு மாதாமாதம் ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. கண் வெளுத்து, மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். நான் தள்ளிப்போட்டேன். ஒரு தடவை அப்பாவுக்குத் தகடு வைத்த இடத்தில் வீக்கம். ஒரு தடவை முகூர்த்த மாதம், உன் மாமாவின் தறியில் புடவை பாதியில் நின்றது. கடைசியில் உன்னிடம் சொன்னேன். ஒரு மூன்று வாரம் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளேன்டா, நான் போய்ப் படுத்து எழுந்துவிடுகிறேன் என்று வாயைவிட்டுக் கேட்டேன். நீ, "இப்ப வர்றது கஷ்டம்க்கா. ஆனா நீ தள்ளிப்போடாத. பைட் தி புல்லட்" என்றாய்.

வீரபத்திரன் சாருக்கு அன்றைக்குத் தீபாவளி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் காலத்துல போர்ல அடிபட்ட சோல்ஜருக்கு மயக்க மருந்து கெடையாதும்மா. வாயில ஒரு துப்பாக்கிக் குண்ட வெச்சி, கடிச்சிக்கோன்னு சொல்லிட்டு, கால அறுப்பாங்களாம். அதுலேர்ந்து வந்தது."

"நம்மூரு பெரியாஸ்பத்திரில மயக்க மருந்து தராங்களே சார்."

"தராங்கதான். ஆனா இடியம்ல தர மாட்டாங்க."

அடுத்த வாரம் உன்னிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. நீதான் வரவில்லை, ஏதோ நல்ல மனசோடு அனுப்பியிருக்கிறாய் என்று பிரித்துப் பார்த்தேன். சிவப்பாக, உருண்டையாக ஒரு ரப்பர் பந்து. மனசு பாரமாக இருக்கும்போது அதைக் கையில் வைத்துப் பிசைய வேண்டுமாம். அப்பாவின் வேட்டியைப் பிசைந்தது போதாது என்று இது வேறு. அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். அப்பா ஆப்பிள் என்று நினைத்துக் கடித்துவிட்டார். பல்செட் அதில் பதிந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. விசில் ஊதப் பல் இல்லாமல், கையைத் தட்டிக் கூப்பிட்டார். ஆக, நீ சொன்ன குண்டை இந்த வீட்டில் கடித்தது அப்பாதான். சார் ஓடிவந்து பந்திலிருந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டே, "இதுக்கும் ஒரு இடியம் இருக்குதும்மா" என்றார். தயவுசெய்து சொல்லாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

இதற்குப் பிறகு நீ சொன்னவற்றுக்கெல்லாம் நான் அர்த்தம் மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன், செய்து பார்க்கவில்லை. மேல் உதட்டை விறைப்பாக வைத்துக்கொள் என்றாய். தாடையில் வாங்கிக்கொள் என்றாய். பல்லை நறநறவென்று கடி என்றாய். இடுப்புக் கச்சையை இறுக்கு என்றாய். எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. வெள்ளைக்காரனுக்குக் கஷ்டம் வந்தால் உடம்பில் ஏதாவது ஒரு பாகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வான் போலிருக்கிறது. பல் உண்டு, உதடு உண்டு, தாடை உண்டு, இடுப்பு உண்டு. காது மட்டும் ஒன்றிலும் வரவில்லை. அடுத்தவன் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்பதற்கு அந்த ஊரில் இடியம் இல்லையோ, அல்லது உனக்குத்தான் அந்தப் பாடம் நடத்தவில்லையோ.

இதெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாததற்கு வருகிறேன். போன மாதம் வீரபத்திரன் சார் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "கலைவாணிமா, நீ இங்கிலாந்துல பெரிய ஆளாய்ட்டம்மா!" என்றார். நீ போட்டிருந்த படமாம். பார்த்தேன். நான்தான். வாயை ஆவென்று திறந்துகொண்டு, தலைமுடி பறக்க, பின்னால் அப்பாவின் கட்டில். அது என்றைக்கு எடுத்தது என்று உடனே தெரிந்துவிட்டது. வீடியோவில் பேசும்போது சிக்னல் போய்விட, "கேக்குதாடா? டேய், கேக்குதா?" என்று நான் தொண்டை கிழியக் கத்தின நேரம். அதற்கு நீ, புயலிலும் புன்னகைக்கும் என் அக்கா என்று தலைப்புப் போட்டிருக்கிறாய். கீழே நீளமாக ஒரு வியாசம். சார் வரிக்கு வரி தமிழில் சொன்னார். கோயில் நகரத்தில் பட்டுக்குக் குஞ்சம் கட்டும் எளிய பெண்ணாம். தந்தையைப் பேணுகிறவளாம். ரெசிலியன்ஸ், அதாவது அடி விழுந்தாலும் நிமிர்ந்து நிற்பது, என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் புத்தகமும் அல்ல, இவள்தான் என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரி, "அவள் ஒருபோதும் குறை சொன்னதே இல்லை."

"இன்னா எழுத்து நட! இன்னா நட!" என்று சார் உருகினார். "ஒரே ஒரு எடத்துலதான் ஆர்ட்டிகிள் உட்டுட்டான்."

குறை சொன்னதே இல்லையாம்! தினம் தினம் உன்னிடம் வேறு என்னடா சொன்னேன்? அதைத்தானே இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டாய்? உன் வேலை என்னவென்று இப்போதுதான் எனக்கு விளங்கியது. கஷ்டப்படுகிறவனை வரிசையாக உட்காரவைத்து, இன்னும் கொஞ்சம் கஷ்டப்படு, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து கஷ்டப்படு என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கம்பெனி, ஒரு பதவி, கழுத்தில் ஓர் அட்டை, மாதம் பிறந்தால் சம்பளம். இத்தனை நாளும் எங்கிருந்தோ சரக்கு வாங்கி விற்கிறாய் என்று நினைத்தேன். என் வீட்டு நடுக்கூடத்திலிருந்தே எடுத்துக்கொண்டு போய் விற்றிருக்கிறாய். அப்பாவின் பேசினை நான் தூக்கினால் அது வேலை, அதைப் பற்றி நீ பேசினால் அது பாடம். இப்படி ஒரு தொழில் இருப்பதை அறிந்திருந்தால் நானே படித்திருப்பேன்.

சார் போன பிறகு நடுக்கூடத்தில் வந்து நின்றேன். குறை சொல்லாதவள்தானே, அன்றைக்குச் சொன்னேன். தெரு முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

"அப்பா, நல்லாக் கேட்டுக்க. ஏங்க, அந்தத் தறிய நிறுத்திட்டு நீங்களும் கேளுங்க. வர்ற திங்கக்கெழம நான் ஆஸ்பத்திரில போய்ப் படுக்கப் போறேன். எனக்கு ஒடம்புல ரத்தம் இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கங்க. பேசிப் பாத்துக்குவீங்களோ, பேசாம பாத்துக்குவீங்களோ, எனக்குத் தெரியாது. நான் தூது போற வேலய இன்னியோட உட்டுட்டேன்!"

தறி நின்றது. அப்பா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஆபரேஷனா?" என்றார். அவருக்குத் தெரியாது பார். நான் சொன்னதில்லை. உனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

ஆக, இப்போது சொல்லிவிடுகிறேன். இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டுதான் எழுதுகிறேன். எடுத்துவிட்டார்கள். கட்டி கெட்டது இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. நாள் குறித்ததை உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மயக்கம் தெளியும்போது தலைமாட்டில் இன்னொரு பந்து இருந்திருக்கும். பக்கத்துக் கட்டில் அம்மாள் வலியில், "ஐயோ, அடியோ, என்னப் பெத்தவளே" என்று கத்தினாள். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன். இரண்டு பேரும் சேர்ந்து கத்தினது அவ்வளவு சுகமாக இருந்தது. அதை இங்கிலீஷில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

வீட்டுக் கதையை உன் மாமா தினம் சாயந்திரம் வந்து சொல்கிறார். முதல் நாள் காலையில் அப்பா விசில் ஊதவே இல்லையாம். ஊதினால் வருவது மருமகன் அல்லவா. அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். இவரும் தறியில் உட்கார்ந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். வெயில் ஏறும் வரை இரண்டு கிழமும் வீம்பு பிடித்திருக்கின்றன. கடைசியில் அப்பா சுவரைப் பார்த்து, "ஊட்ல யார்னா இருக்காங்களா?" என்றாராம். இவர் தறியைப் பார்த்து, "இருக்காங்க" என்றாராம். பிறகு போய் அப்பாவை இரண்டு கையிலும் அள்ளித் தூக்கிக்கொண்டு கக்கூஸ் பக்கம் நடந்திருக்கிறார். அப்பா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம். பாதி தூரத்தில் உன் மாமா நின்று, "டிக்கெட் எடுத்துட்டியா மாமா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா கண்ணைத் திறந்து பார்த்தாராம். "இல்லன்னா எறக்கி உட்டுடுவேன். இது தாமல் ஏரி" என்றாராம் இவர். அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் கக்கூஸ் வரைக்கும் போக வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. இவருக்கு வேட்டி, சட்டை எல்லாம் தலைமுழுக்கு. அதைச் சொல்லிச் சொல்லி இந்த வார்டில் உட்கார்ந்து சிரிக்கிறார். எனக்குத் தையல் பிரிந்துவிடும் போலிருந்தது. இப்போது இருவரும் ஒரே கட்சி. என் சாம்பாரில் புளி அதிகம் என்பது கட்சியின் முதல் தீர்மானமாம்.

ஆகவே, தம்பி, நீ வர வேண்டாம். வரச்சொல்லி இத்தனை நாள் கெஞ்சினதற்கு வெட்கப்படுகிறேன். டிக்கெட்டும் போடாதே, லீவும் கேட்காதே. வந்தாலும் நான் உன்னோடு பேசுவதாக இல்லை. பேச்சில்லாமல் ஒரு வீட்டை எப்படி நடத்துவது என்று பார்த்துப் பழகினவள் நான். இனிமேல் இங்கிலீஷில் ஏதாவது சொல்ல வேண்டுமானால் வீரபத்திரன் சாருக்கே நேராகச் சொல்லிவிடு, அவராவது சந்தோஷப்படுவார். படத்தை எடுத்துவிடு. அல்லது தலைப்பை மாற்றி, "கேக்குதாடா" என்று போடு.

உன் மனைவி கீர்த்திக்கும் குழந்தைக்கும் என் அன்பும் ஆசியும். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. காமாட்சி உனக்குப் புத்தி கொடுக்கட்டும், அதைத் தமிழிலேயே கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
குறையே சொல்லாத உன் அக்கா,
கலைவாணி

பின்குறிப்பு: மேலே எழுதினதை மடித்து உறையில் போட்டு ஒட்டப்போன நேரத்தில், வார்டு வாசலில் நர்சம்மா யாரையோ "பாக்கற நேரம் முடிஞ்சிட்ச்சி" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். தாடியும் கசங்கின சட்டையுமாக, கையில் பெட்டியோடு ஓர் ஆள். யாரோ பாவம், வெளியூர்க்காரன் என்று நினைத்தேன். நீ.

"அக்கா" என்றாய்.

"வாயத் தொறந்து இங்கிலீஷ்ல எதனா சொன்ன, தையல் பிரிஞ்சாலும் பரவால்லன்னு எழுந்து வந்து அறைவேன்" என்றேன். நீ கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தாய். யார் சொன்னது என்று கேட்டதற்கு, "அப்பாதான் போன் பண்ணாரு. 'ஒங்கக்காவ அறுத்து வெச்சிருக்காங்க, வாடா'ன்னாரு. வெச்சிட்டாரு" என்றாய். எத்தனை நாள் லீவு என்று கேட்டேன்.

"லீவு இல்லக்கா. வேல போய்ட்ச்சி. பொங்கலப்பவே. எங்க டிபார்ட்மெண்ட்டயே எடுத்துட்டாங்க."

"பொங்கலப்பவா? ஏண்டா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? நீயே அவ்ளோ கஷ்டத்துல இருந்த. இந்த மூஞ்ச வெச்சிக்கினு எப்படி வர்றதுன்னு இருந்துச்சி. வேல போனதுக்கு அங்க எல்லாரும் எங்கிட்ட சொன்னதத்தான் உங்கிட்ட சொல்லிக்கினு இருந்தேன். வேற ஒண்ணும் எங்கிட்ட இல்லக்கா."

"அப்போ அந்தப் படம்?"

"வேல தேட்றதுக்காகப் போட்டது. பாத்துட்டு யார்னா கூப்டுவாங்கன்னு."

"கூப்ட்டாங்களா?"

"லைக் போட்டாங்க."

உனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. தமிழிலும் ஒன்றும் வரவில்லை. "சாப்ட்டியா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாய். கீழே இட்லிக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன், நீ திரும்புவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். உன் வேலையைப் பற்றி நான் எழுதின அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடப் போகிறேன். மற்ற பக்கங்களைக் கிழிக்க மாட்டேன், அவையெல்லாம் நியாயமானவை. கை கழுவிக்கொண்டு வந்து, எதிரில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படி.